வளையலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள்

நீங்கள் எழுதியதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வயது 26, சென்னையில் வேலை, குடும்பம் ஊரில். தோழி வழியாகப் பழக்கமானவர் ஒருவரோடு காதல், சொல்லிக்கொண்டு 4 மாதம் ஆகிறது. போன மாதம் அவர் இன்ஸ்டாகிராமில் ஒரு ஸ்டோரி போட்டார். காபி டம்ளர், அதன் பக்கத்தில் உங்கள் கை. முகம் இல்லை, பெயர் இல்லை. யாரோ எடுத்த ஸ்க்ரீன்ஷாட் சுற்றி வந்து உங்கள் பெரியம்மா மகளிடம் சேர்ந்தது. கையில் இருந்தது அந்தப் பெரியம்மாவே உங்களுக்குப் போட்ட வளையல். "யாருடி அது?" என்று மெசேஜ் வந்துவிட்டது. நீங்கள் காதலரிடம் கோபப்பட்டீர்கள். "என்னைச் சொல்லிக்கறதுக்கே உனக்கு வெட்கமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். இப்போது உங்கள் பிறந்தநாளுக்கு முகம் தெரிகிற மாதிரி ஜோடியாக ஒரு ஃபோட்டோ போட வேண்டும் என்கிறார். எத்தனை மாதம் கழித்துப் போட்டால் சரி என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் உங்கள் கடைசி வரியைத்தான் நான் நிஜக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்: "போட மனசு வரலன்னா, எனக்கு அவர் மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தமா?"

நான் திருச்சியில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன், 18 வருடமாகிறது. முதல் 6 வருடம் ஒரு கல்லூரியின் ஆலோசனை அறையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது பிள்ளைகள் ஆர்குட் என்ற பழைய சமூக வலைத்தளத்தில் எழுதிய ஸ்க்ராப்பால் மாட்டிக்கொண்டு வருவார்கள், இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸால் வருகிறார்கள். இதில் என் பார்வைக்கு ஒரு கோணல் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோட்டோ போட்டு, லைக் வாங்கி, கல்யாணமும் செய்துகொண்டு நன்றாக இருப்பவர்கள் என் அறைக்கு வருவதில்லை. வம்பில் முடிந்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதனால் நான் சொல்வதில் எச்சரிக்கை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அதற்குரிய அளவு கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, உங்கள் பக்கக் கதையை மட்டும்தான் படித்திருக்கிறேன். அவர் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

மாதக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 3 மாதம், 6 மாதம், ஒரு வருடம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், எதற்கும் அடிப்படை கிடையாது. காதலின் ஆரம்ப மாதங்களில் மனம் வேறு மாதிரி ஓடுகிறது என்பதற்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. 1999-இல் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் மாராசிட்டி என்ற மனநல மருத்துவரின் குழு, காதலில் விழுந்து 6 மாதம் தாண்டாத 20 பேரின் ரத்தத்தைச் சோதித்தது. மனநிலையோடு சம்பந்தப்பட்ட செரட்டோனின் என்ற ரசாயனம் தொடர்பான ஓர் அளவு அவர்களிடம் குறைந்திருந்தது, ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களிடம் இருந்தது போலவே. ஒன்று, ஒன்றரை வருடம் கழித்து அதே ஆட்களில் சிலரைத் திரும்பப் பார்த்தபோது அது சாதாரண நிலைக்கு வந்திருந்தது. வெறும் 20 பேரை வைத்து ஊருக்கெல்லாம் விதி எழுத முடியாது. ஆனால் ஒரே ஆளை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பதும், பதில் வர 10 நிமிடம் தாமதமானால் வயிற்றைப் பிசைவதும் நான் தினம் பார்ப்பவை. அந்தச் சமயத்தில் எடுக்கிற முடிவு ஜுரத்தில் போடுகிற கையெழுத்து மாதிரி. செல்லாது என்று சொல்லவில்லை, ஜுரம் விட்ட பிறகு இன்னொரு தடவை படித்துப் பார்ப்பது நல்லது.

ஃபேஸ்புக்கின் தரவுப் பிரிவு 2014-இல் ஒரு சுவாரசியமான கணக்கை வெளியிட்டது. "ரிலேஷன்ஷிப்பில் இருக்கிறேன்" என்று அறிவித்த ஜோடிகள், அறிவிப்புக்கு முந்தைய 100 நாட்களில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் எழுதுவது கூடிக்கொண்டே போகிறது. 12 நாள் முன்னால் அது உச்சம், நாளொன்றுக்கு 1.67 பதிவு. அறிவித்த பிறகு குறைந்துகொண்டே போய், 85-வது நாளில் 1.53-க்கு இறங்குகிறது. பதிவு குறைந்தாலும் எழுதுகிற சொற்களின் இனிமை கூடியதாம். நேரில் சேர்ந்து இருக்க ஆரம்பித்தவர்களுக்குத் திரை அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தங்கள் நிலையை ஃபேஸ்புக்கில் வெளிப்படையாக எழுதத் துணிந்தவர்களின் கணக்கு இது, அதுவும் பத்து வருடத்துக்கு மேல் பழசு. பெரியம்மா மகள்களின் கண்காணிப்பில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்த மாட்டேன்.

என் அனுபவத்தில், சீக்கிரம் ஃபோட்டோ போட்டதனால் மட்டும் உடைந்த ஜோடி என்று யாரையும் நினைவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டியவர்கள்தான் தடுக்கி விழுந்தார்கள். இரண்டாவது வாரமே ஃபோன் பாஸ்வேர்டு, மூன்றாவது வாரம் 24 மணி நேர லொகேஷன் ஷேரிங், தினமும் ராத்திரி 3 மணி வரை பேச்சு, முதல் மாதமே குழந்தைக்குப் பெயர். அந்த வரிசையில் ஃபோட்டோவும் ஒன்றாக வந்து நிற்கும். வேகத்தை அளக்க வேண்டும் என்றால் நாட்காட்டியைப் பார்க்காதீர்கள். இதுவரை என்ன என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். ஒருமுறையாவது நிஜமாகச் சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருக்கிறீர்களா? ஹோட்டலில் சர்வர் ஆர்டரை மாற்றிக் கொண்டுவந்தபோது அவர் எப்படிப் பேசினார்? அவருடைய அம்மாவிடம் ஃபோனில் என்ன குரலில் பேசுகிறார்? எல்லாவற்றையும்விட, நீங்கள் ஒரு விஷயத்துக்கு "வேண்டாம்" என்று சொன்ன மறுநாள் அவர் எப்படி இருந்தார்? வளையல் விவகாரம் அப்படி ஒரு சந்தர்ப்பம். "வெட்கமா?" என்று அவர் கேட்டதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சுருக்கென்று பட்ட இடத்தில் வந்த வார்த்தை அது, அதை வைத்து ஆளை எடை போட மாட்டேன். மறுநாள் அவர் என்ன செய்தார் என்பது உங்கள் கேள்வியில் இல்லை. எனக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான்.

அவருக்குப் போட வேண்டும் என்ற தவிப்பு, உங்களுக்குத் தயக்கம். இதில் யாருக்குக் காதல் அதிகம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். 2014-இல் லிடியா எமரி, ஏமி மியூஸ் ஆகிய உளவியலாளர்கள் தம் குழுவோடு இதைத்தான் ஆராய்ந்தார்கள். விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் அதிகம் உள்ளவர்கள் தங்கள் உறவு பலர் கண்ணில் பட வேண்டும் என்று விரும்பினார்கள். நெருக்கமே கொஞ்சம் மூச்சுமுட்டும் என்கிற சுபாவக்காரர்கள் அதை விரும்பவில்லை. இன்னொன்றையும் கவனித்தார்கள். துணைக்குத் தன் மேல் எவ்வளவு பிரியம் என்று சந்தேகம் தட்டிய நாட்களில்தான், உறவை வெளியே காட்டுகிற பதிவுகள் கூடின. என் அறையில் பார்த்ததோடு இது அச்சாகப் பொருந்துகிறது. ஞாயிற்றுக்கிழமை பெரிய சண்டை என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், அதே ஞாயிறு சாயங்காலம் "என் உலகமே நீதான்" என்று ஸ்டேட்டஸ் ஓடியிருக்கும். அதனால் அவர் கேட்பதும் நீங்கள் தயங்குவதும் அவரவர் பயத்தின் அளவைத்தான் அதிகம் காட்டுகின்றன. ஆனால் ஆய்வு சொல்வது சராசரி. இதைப் படித்துவிட்டு அவரிடம் போய் "நீங்க பயந்த டைப்பாம், ஆராய்ச்சியில போட்டிருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு வருகிற சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

அமெரிக்காவில் 2012-இல் வெளியான இன்னொரு சிறிய ஆய்வு 58 ஜோடிகளைப் பார்த்தது. ஃபேஸ்புக்கில் நிலையைப் போடுவது பற்றி ஜோடிக்குள் கருத்து வேறுபாடு இருந்த இடங்களில், பெண்ணுக்கு அந்த உறவில் திருப்தி குறைவாக இருந்தது, ஆணுக்கு அப்படி இல்லை. எது முதலில் வந்தது, திருப்திக் குறைவா, வேறுபாடா என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் மட்டும் இரவெல்லாம் யோசித்து இவ்வளவு நீளமாக எழுதியிருப்பதும், "அவர் சாதாரணமாத்தான் இருக்கார்" என்று அதில் குறிப்பிட்டிருப்பதும் எனக்கு இந்த ஆய்வைத்தான் நினைவுபடுத்தின.

இனி நம் ஊர்ப் பக்கம். காதல் வெளியே தெரிவதற்குச் சங்கத் தமிழில் இரண்டு தனிச் சொற்கள் இருந்தன. நாலு பேர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரே பெயர் சொல்லிப் பேசினால் அலர். மொட்டும் மலரும் மாதிரி. அவர் போட்ட கை ஸ்டோரிக்கு இன்றைய பிள்ளைகள் "சாஃப்ட் லாஞ்ச்" என்கிறார்கள், முகம் காட்டினால் "ஹார்ட் லாஞ்ச்". அம்பலும் அலரும்தான், வேறொன்றும் இல்லை. ஒரே வித்தியாசம், அப்போது ஊர் பேசியது, இப்போது நாமே ஊருக்கு எடுத்துக் கொடுக்கிறோம். அந்தப் பாட்டுகளில் தோழி இந்த அலரை வைத்தே தலைவனை நெருக்குவாள், ஊர் பேச ஆரம்பித்துவிட்டது, இனியும் ஒளிந்து வந்து போகாதே, பெண் கேட்டு வா என்று. ஊருக்குத் தெரிந்தால் அடுத்த அடி எடுத்து வைத்தாக வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி. உங்கள் ஃபோட்டோவும் அந்த வேலையைச் செய்யும். போட்ட அன்றைக்கே "எப்போ கல்யாணம்?" என்ற கேள்வி வரும். 4 மாதத்தில் அதற்குப் பதில் வைத்திருக்கிறீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வீடுகளில் புண்படுவது எங்கே என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு அப்பா, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். மகள் காதலித்தது தெரிந்து இரண்டு மாதத்தில் சம்மதித்துவிட்டார், கல்யாணத்தையும் நன்றாகவே நடத்தினார். ஆனால் மகளோடு முகம் கொடுத்துப் பேச இரண்டு வருடம் ஆயிற்று. காரணம் பையன் இல்லை. "துபாயில இருக்கற என் தம்பி ஃபோன் பண்ணி மாப்பிள்ளை நல்லா இருக்காருன்னு சொல்றான். ஒரே வீட்டுல படுத்து எந்திரிக்கற எனக்குத் தெரியல" என்றார். சித்தப்பாவை ஃபேஸ்புக்கில் நண்பராகச் சேர்த்திருந்ததையே அந்தப் பெண் மறந்துபோயிருந்தாள். நம் வீடுகளில் காதலை மன்னித்துவிடுகிறார்கள், வரிசை தப்பியதை மன்னிப்பதில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது எந்த அத்தை வீட்டுக்கு முதலில் போனோம் என்று 20 வருடம் கணக்கு வைத்திருக்கிற சமூகம் இது. அதில் அம்மா உங்கள் செய்தியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்ப்பது என்பது, பத்திரிகையைத் தபாலில் போட்டதைவிடப் பெரிய குற்றம்.

உங்கள் இருவரின் சாதி, மதம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஒன்றேயாக இருக்கலாம், அல்லது எழுதத் தயங்கியிருக்கலாம். வேறு வேறு என்றால், உங்கள் வீட்டிலோ அவர் வீட்டிலோ மூர்க்கமாக எதிர்ப்பார்கள் என்ற சந்தேகம் கொஞ்சமாவது இருந்தால், இதுவரை நான் பேசியதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இந்தப் பத்தியை மட்டும் படியுங்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், வேறு சாதிப் பெண்ணை மணந்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், வேறு சாதிப் பெண்ணைக் காதலித்த கவின் கொல்லப்பட்டார். இவை ஃபோட்டோவால் நடந்தவை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் தயாராவதற்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போனால் நேரம் உங்கள் கையை விட்டுப் போய்விடும் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஃபோனைப் பிடுங்குவார்கள், அவசரமாக ஊருக்குக் கூட்டிப்போவார்கள், ஜாதகத்தை எடுப்பார்கள். இந்த நிலையில் ஃபோட்டோ, கை, நிழல், எதுவும் வேண்டாம். ஆணவக் கொலைகளுக்கு எதிரான சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட ஜோடிகளின் புகாரைக் கவனிக்க மாவட்டந்தோறும் காவல்துறையும் சமூக நலத்துறையும் சேர்ந்த தனிப்பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் அதைக் கேளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், 30 நாள் நோட்டீஸ் என்று ஒன்று உண்டு, பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். 1954-ஆம் வருடச் சட்டம், அரசாங்கமே செய்துவைக்கிற ஹார்ட் லாஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை. அந்தக் கட்டம் வந்தால் வக்கீலைப் பார்த்த பிறகுதான் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

எதிர்ப்பு வந்தால்தான் காதல் கெட்டியாகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, சினிமா ஊட்டி வளர்த்தது. அதற்கு 1972-இல் ஓர் அமெரிக்க ஆய்வும் ஆதரவாக இருந்தது, பெற்றோர் குறுக்கே வந்தால் ஜோடியின் பிரியம் கூடுகிறது என்று. 2014-இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. சுற்றி இருப்பவர்களின் ஆதரவு உள்ள உறவுகள்தான் தெம்பாக இருந்தன. இதில் அவர் பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. அந்தரங்கமாக வைத்துக்கொள்வது வேறு, ஒளித்து வைப்பது வேறு. யாருக்குமே தெரியாமல் ஒளித்து வைக்கப்படுகிறவர் நாளாக நாளாகத் தன்னைக் குறைவாக நினைக்க ஆரம்பிப்பார். ஒரு வருடம் பழகியும் ஒரு நண்பனிடம்கூட அறிமுகப்படுத்தாத ஆண்களைப் பற்றிப் பெண்கள் என்னிடம் வந்து அழுததுண்டு. அவர்களில் சிலருக்கு வேறு இடத்தில் நிச்சயம்கூட ஆகியிருந்தது. அதனால் அவருடைய "என்னை மறைக்கிறியா" பயத்தை உதறித் தள்ள வேண்டாம். உங்கள் வாழ்க்கையில் மூன்று நான்கு பேருக்காவது அவரை நேரில் தெரியுமா என்று யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது என்றால் அவர் சொல்வது கொஞ்சம் உண்மைதான்.

ஃபோட்டோ என்று வந்தால் நான் ஜோடிகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். ஒத்துவராமல் பிரிந்துவிட்டால் இந்த ஃபோட்டோவை என்ன செய்வீர்கள், யார் எடுப்பது, எத்தனை நாளில் எடுப்பது, மற்றவர் ஃபோனில் இருப்பவை என்ன ஆகும்? இதைக் கேட்டதும் ஒரு பையன் "மேடம், நல்ல நேரத்துல அபசகுனமா பேசாதீங்க" என்று எழுந்தே விட்டான். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, காலி செய்தால் எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டுத்தானே கொடுக்கிறோம், அது அபசகுனமா என்று கேட்டேன். சென்னையில் 10 மாத அட்வான்ஸ் கொடுத்த வலி அவனுக்குத் தெரியும், உட்கார்ந்துவிட்டான். இந்தப் பேச்சைச் சண்டையில்லாமல் ஒரு மணி நேரம் பேசி முடிக்க முடிந்த ஜோடி, அது இரண்டாவது மாதமாக இருந்தாலும், ஃபோட்டோ போடட்டும் என்பேன். இரண்டு வருடம் ஆகியும் பேச முடியவில்லை என்றால் இன்னும் காலம் வரவில்லை. இது ஆய்வில் வந்த முடிவு இல்லை, என் பழக்கத்தில் வந்த அளவுகோல். இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. போடுவது எளிது, எடுப்பதுதான் பெரிய செய்தி. பிரிந்த துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் "டிபியை மாத்திட்டியே, என்னாச்சு?" என்று 40 பேர் கேட்பார்கள். அந்த 40 பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கருவி விஷயமாகச் சுருக்கமாக. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை எல்லாத் தொடர்புகளுக்கும் காட்டலாம், சிலரை மட்டும் விலக்கலாம், சிலருக்கு மட்டும் காட்டலாம். மூன்றாவதுதான் நம்பகமானது, விலக்கும் பட்டியலில் யாராவது ஒரு அத்தை விட்டுப்போவார். இன்ஸ்டாகிராமில் குளோஸ் ஃப்ரெண்ட்ஸ் பட்டியல் இருக்கிறது. மற்றவர்கள் உங்களை டேக் செய்தால் உங்கள் அனுமதிக்குப் பிறகே உங்கள் பக்கத்தில் வரும்படியும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்டோரியை யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்குத் தகவல் வராது. வளையல் கதையில் நடந்தது அதுதான். 24 மணி நேரத்தில் மறைவது ஸ்டோரி மட்டும், அதைப் பார்த்தவர் கேலரியில் இருப்பது மறைவதில்லை.

நெருக்கமான ஃபோட்டோக்கள் தனி விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் 4 மாதக் காதலில் அந்தக் கோரிக்கை வந்திருக்கலாம் என்பதால் சொல்கிறேன். ஒருவரின் அந்தரங்க உறுப்பைச் சம்மதம் இல்லாமல் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அப்படிப்பட்ட படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் சில மணி நேரத்துக்குள் அதை முடக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் தளங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. மார்ஃபிங் செய்த படத்துக்கும் இது பொருந்தும். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் இப்படிப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம், தொலைபேசி என்றால் 1930. உடை உடுத்திய சாதாரண ஜோடி ஃபோட்டோவுக்கு இவ்வளவு வலுவான பாதுகாப்பு கிடையாது. அங்கே உங்களுக்கு இருப்பது அவருடைய கண்ணியம் மட்டும்தான்.

பிறந்தநாளுக்கு என்ன செய்யலாம்? "போடாதீங்க" என்று மட்டும் சொன்னால் அவர் காதில் "நீங்க வேண்டாம்" என்று விழும். அதற்குப் பதிலாக எதையாவது கையில் கொடுங்கள். அன்றைக்கு உங்கள் நெருங்கிய தோழிகள் மூன்று பேரோடு சாப்பிடக் கூப்பிட்டு, இவர்தான் என்று சொல்லுங்கள். என் அனுபவத்தில் நேரில் ஒருவர் முன்னால் "இவர்தான்" என்று சொல்லப்படுவது 300 லைக்கைவிட ஆண்களுக்கு ஆழமாக இறங்குகிறது. பிறகு ஒரு எல்லையைச் சொல்லுங்கள்: "எங்க அம்மாகிட்ட நான் என் வாயால சொன்ன பிறகு போடலாம். அதுவரைக்கும் என் கை, தலைமுடி, வளையல் எதுவும் வேண்டாம். உங்களை மறைக்கல, வரிசையா சொல்றேன்." எப்போது சொல்வீர்கள் என்றும் தோராயமாகச் சொல்லிவிடுங்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது என்பது போல. காலம் சொல்லாத "அப்புறம்" யாருக்கும் ஆறுதல் தராது. இதைக் கேட்டு அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பரவாயில்லை, மனிதர்தானே. சரி என்று சொல்லிவிட்டு மீறிப் போட்டால் அது வேறு. போடாவிட்டால் பிரிந்துவிடுவேன், உங்கள் வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்ற பேச்சு வந்தால் அதைக் காதல் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மிரட்டல். உடனே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.

கடைசி வரிக்கு வருகிறேன். தயக்கம் நம்பிக்கையின்மையா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத, முன்பின் தெரியாதவர்கள் மட்டும் பார்க்கிற ஓர் இடத்தில் அந்த ஃபோட்டோவைப் போடுவதாகக் கற்பனை செய்யுங்கள். மனம் லேசாகி, சந்தோஷமாக இருந்தால் உங்கள் பயம் வீட்டைப் பற்றியது, அவரைப் பற்றியது இல்லை. அங்கேயும் கை வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று. எதையும் வெளியே காட்டப் பிடிக்காத சுபாவமாக இருக்கலாம், அப்படியானால் உங்கள் படிப்பு, வேலை, பயணம் எதையும் நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள். மற்றதையெல்லாம் போட்டுவிட்டு இவரை மட்டும் போட முடியவில்லை என்றால், அவரிடம் ஏதோ ஒன்று உங்களை உறுத்துகிறது. அது என்னவென்று தெரிகிறவரை ஃபோட்டோ மட்டுமல்ல, மற்ற விஷயங்களிலும் கொஞ்சம் மெதுவாகப் போவது நல்லது.

பெரியம்மா மகளுக்கு இன்னும் பதில் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மாதம் பதில் வராததே அவருக்குப் பாதி பதில் ஆகியிருக்கும். இந்த வாரக் கடைசியில் ஃபோன் போட்டு, "அக்கா, நானே சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள உன் அம்மா போட்ட வளையல் சொல்லிடுச்சு" என்று ஆரம்பியுங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. நேராகப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்றால், அக்காவுக்கு ஃபோன் செய்வதற்கு முன்னால் அம்மாவுக்குச் செய்துவிடுங்கள்.